கடைமடையின் கணக்கு



காவிரியில் புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. 2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை மாற்றவில்லை. அந்தத் தண்ணீர் வந்து சேரவேண்டிய கடைமடைதான் காரைக்கால். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் இங்கே தண்ணீர் எட்டிப்பார்ப்பது கடைசியில்தான். கார்த்திகை மழையிலோ மேலே பெய்ததெல்லாம் இங்கே வந்துதான் நிற்கும்.

2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தபோது காற்றைவிட மழைதான் டெல்டாவைச் சாய்த்தது. பத்து ஆண்டு கழித்து வந்த கஜா, வேதாரண்யம் பக்கம் தென்னைகளை வேரோடு பிடுங்கியது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் காய்ப்புக்கு ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரே கடற்கரைதான், ஆனால் அடி ஒன்றல்ல.

மூழ்கிய சம்பா வயல் ஒன்றை அருகில் போய்ப் பார்க்கலாம். வடிகாலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கும். முகத்துவாரத்தில் கடல் ஏறியிருந்தால் ஆறும் உள்வாங்காது. ஒருவர் வரப்பை வெட்டிவிட்டால் பக்கத்து வயல் முழுகும். ஊரில் சண்டை தொடங்கும். விதையில் ஒரு பதில் உண்டு: ஒடிசாவின் எப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வந்த மரபணு, சி.ஆர்.1009 சப்-1 என்ற நெல் ரகத்தை இரண்டு வாரம்வரை தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்க வைக்கும். அருமையான விஞ்ஞானம். ஆனால் அந்த வயலை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்தவர் கையில் சிட்டாவும் இல்லை, அடங்கலும் இல்லை. நிவாரணம் என்று வந்தால் அவர் பெயர் பட்டியலில் ஏறுவதே பாடு. களையெடுப்புக் கூலியை இழந்த பெண்கள் பயிர்ச்சேதக் கணக்குக்குள் வருவதே இல்லை.

போதாததற்கு எல்லை வேறு. சில கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். மழை ஒன்று, நிவாரணம் அறிவிக்கும் அரசு வேறு. 2020-ல் தமிழ்நாடு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் அந்த எல்லையோடு நின்றுவிடுகிறது.

இப்படிப் பின்னிக் கிடப்பதைத் தனித்தனித் துறையாக ஆராய முடியாது என்பதை, நார்வேயில் பணிபுரியும் கேரன் ஓ'பிரையனும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆந்திரத்தின் அனந்தபூர் நிலக்கடலை விவசாயியை வறட்சி ஒருபக்கம் வாட்ட, மலிவான இறக்குமதி எண்ணெய் மறுபக்கம் வாட்டியது. வானிலை வரைபடத்தை மட்டும் வைத்திருந்தால் பாதிச் சேதம் கண்ணில் பட்டிருக்காது.

காரைக்காலில் வேளாண் கல்லூரி இருக்கிறது, என்.ஐ.டி. இருக்கிறது, கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நெல் ரகம் தெரிந்தவர், மதகின் மட்டம் அளக்கத் தெரிந்தவர், குத்தகைக்காரரிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர் மூவரும் ஒரே வடிகாலை ஒரே ஐப்பசியில் நடந்து பார்க்கட்டும். முதல் வேலையாக, எந்த வயலை யார் உழுகிறார் என்ற பட்டியலை மழைக்கு முன்பே எழுதிவிடலாம்.