முள் உரைக்கும் செய்தி

கண்ணாற் காண இயலாதவற்றைப் பிறர் வாயிலாக அறிந்து நடப்பது நாடாள்வோர்க்கு மட்டும் உரிய நிலைமையன்று. மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்கும் அதுவே நிலைமை. எஞ்சினுள்ளே எண்ணெய் பாய்வதையோ, தாங்கியில் எவ்வளவு பெற்றோல் எஞ்சியுள்ளது என்பதையோ ஓட்டுபவர் காண்பதில்லை. அவற்றை அவருக்கு அறிவிப்பவை, முன்பலகையில் வரிசையாக அமைந்துள்ள மானிகளே. அவை பிழைபடுமாயின், இல்லாத நோய்க்கு மருந்து தேடுவதும், உள்ள நோயை இல்லையென்று தள்ளிவிடுவதும் நேரும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். இங்கிலாந்திலே ஒக்ஸ்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊரில், 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் கார் செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றுள் மிக இளையதும் இன்று நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இத்துணைக் காலத்தில் மின்கம்பிகளின் முனைகளிற் களிம்பு ஏறும். உடற்சட்டத்தோடு கம்பி இணையும் இடங்களில் துரு படரும். மானியின் முள் தடுமாறுவதற்கு இவையே போதும். ஆயினும், முள் தவறியவுடன் மானியையே கழற்றி எறிய முற்படுவோர் பலர். முன்பலகையின் அடியிற் படுத்துக் கைகளை வளைத்துச் செய்யவேண்டிய அவ்வேலை மிகக் கடினமானது, பெரும்பாலும் வேண்டாததுங்கூட. தூதனைத் தண்டிக்குமுன் அவன் வந்த வழியை ஆராய்தல் வேண்டும்.

பெற்றோல் மானியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். முள் அசைவற்றுக் கிடந்தால், அதன் கூட்டாளிகளைப் பார்த்தல் நன்று. இவ்வண்டியில் பெற்றோல் மானியும், திரும்பும் திசை காட்டும் விளக்குகளும், கண்ணாடி துடைக்கும் கருவியும், தடை விளக்குகளும் ஒரே பியூசின் வழியாக மின்னைப் பெறுகின்றன. எல்லாம் ஒருங்கே ஓய்ந்திருந்தால் குற்றம் பியூசிலோ அதன் பிடிகளிலோ இருக்கும். அவையெல்லாம் இயங்க, மானி மட்டும் ஓய்ந்திருந்தால், அதற்குரிய வழியிலேதான் தேடவேண்டும்.

1960களின் நடுப்பகுதியிலிருந்து வந்த வண்டிகளில், முள்ளை அசைப்பது வெப்பத்தால் வளையும் ஓர் ஈருலோகத் தகடு. ஆகவே சாவியைத் திருப்பியதும் முள் மெல்லமெல்லவே எழும். பற்றரியின் மின்னழுத்தம் கூடிக் குறைந்தாலும் முள் பிறழாதிருக்கும் பொருட்டு, இடையில் மின்னழுத்த நிலைப்படுத்தி என்னும் சிறு பெட்டி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதனுள்ளும் ஓர் ஈருலோகத் தகடு உண்டு. அது சூடேறி வளைந்து மின்னைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். இவ்வாறு விட்டுவிட்டுச் செல்லும் மின் சராசரியாக 10 உவோற்று மின்னழுத்தத்துக்கு நிகராகும். பெட்டிக்கும் உடற்சட்டத்துக்கும் இடையேயுள்ள இணைப்பைத் துரு அறுத்துவிட்டால், தகடு சூடேறுவதில்லை. பற்றரியின் முழு மின்னழுத்தமும் மானிக்குச் செல்லும். அப்போது முள் உண்மைக்கு மேலாகக் காட்டும். அதை நம்பி நெடுவழி செல்பவர், தாங்கி வற்றி நடுவழியில் நிற்பார். திருகாணியைக் கழற்றி, உலோகத்தைப் பளிச்செனச் சுரண்டி, பெட்டியின் மேற்பக்கம் மேலே இருக்குமாறு மீண்டும் பூட்டுவதே பலகால் இதற்கு மருந்தாகும்.

இதற்குரிய புதிய மின்னணுப் பெட்டிகளும் இன்று கிடைக்கின்றன. ஆனால் 1967 வரையிலான எம்.ஜி.பி. வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே உடற்சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்தவற்றில் எதிர்முனை இணைக்கப்பட்டது. இதனை நோக்காது மாறான பெட்டியைப் பூட்டினால் அது நொடியிற் கெடும்.

நிலைப்படுத்தி செவ்வையாக இருப்பின், அடுத்துத் தாங்கியின் பக்கம் செல்லவேண்டும். தாங்கியினுள் மிதவையொன்று பெற்றோலோடு ஏறியிறங்கி, மின்தடையைக் கூட்டியும் குறைத்தும் முள்ளுக்குச் செய்தி அனுப்புகிறது. அதிலிருந்து வரும் கம்பியை, பெற்றோல் ஆவி அணுகாத ஓர் இணைப்பிடத்திற் பிரித்தால், முள் வெறுமைக் குறிக்கு இறங்கவேண்டும். மானிப்பக்கத்து முனையைச் சில விநாடிகள் மட்டும் உடற்சட்டத்தில் தொடுவித்தால், முள் நிறைவை நோக்கி எழவேண்டும். நெடுநேரம் தொடுவித்தால் மானியின் சுருள் கருகிவிடும். முள் இவ்விரண்டுக்கும் பணிந்தால், மானியும் அதுவரையுள்ள கம்பியும் குற்றமற்றவை. பிழை தாங்கியின் பக்கத்திலே உள்ளது. ஒரே சோதனையாற் பாதி ஐயம் தீர்ந்துவிடும். ஆயின், தொடக்க கால வண்டிகளின் மானி வேறு இனத்தது. அதன் முள் சட்டெனத் தாவும். கம்பியைப் பிரித்தால் நிறைவையும், தொடுவித்தால் வெறுமையையும் காட்டும். முள் எழும் வேகத்தைக் கவனியாதவர், நல்ல மானியையே கெட்டதென்று தீர்ப்பளித்துவிடுவார்.

எஞ்சின் நீரின் வெப்பத்தைக் காட்டும் மானி, பழைய வண்டிகளில் மின்னால் இயங்குவதன்று. எஞ்சினிற் பதிந்த ஒரு குமிழிலிருந்து மயிர்போன்ற நுண்குழாய் முன்பலகை வரை செல்கிறது. அதனுள் அடைக்கப்பட்ட திரவம் சூடேறும்போது எழும் அமுக்கமே முள்ளை உந்துகிறது. குழாய் முறிந்தால் திரவம் வெளியேறி முள் கீழே வீழ்ந்து கிடக்கும். எஞ்சின் கொதித்தாலும் அது எழாது. எஞ்சின் நன்றாக ஆறியபின், குழாய் முறுகாதவாறு குமிழைக் கழற்றி, வெந்நீரில் ஒரு வெப்பமானியோடு சேர்த்து அமிழ்த்திப் பார்த்தால் மெய் விளங்கிவிடும்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது எண்ணெய் அமுக்கமானி. எண்ணெயே ஒரு சிறு குழாய் வழியாக வந்து அதன் முள்ளை நகர்த்துகிறது. சூடேறி ஓடும் எம்.ஜி.பி. எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல் வரை காட்டுவது இயல்பு. நின்றபடி மெதுவாக இயங்கும்போது அது வெகுவாகக் குறையும். பெற்றோல் மானியின் பொய்களுக்குப் பழகிப்போன ஒருவர், இம்முள் தாழும்போதும், “இதுவும் ஒரு பொய்” என்று வண்டியைச் செலுத்திக்கொண்டே போகக்கூடும். பெரிய இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. பெற்றோல் மானி பொய்த்தால் ஓட்டுபவர் சில மைல் நடக்க நேரும், அவ்வளவே. எண்ணெய் மானியின் மெய்யைப் பொய்யென்று கொண்டாலோ, எண்ணெயற்ற பெயரிங்குகள் சில நிமிடங்களில் உருகித் தேய்ந்து எஞ்சினே பாழாகும்.

ஆகவே இம்மானியை ஆராயும் முறை வேறு. முள் வீழ்ந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தல் வேண்டும். அளவுகோலை இழுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, குழாய் கசிகிறதா என்று நோக்கி, அதன்பின் நல்லதென்று தெரிந்த வேறொரு மானியை அதே துவாரத்திற் பொருத்தி அளத்தல் வேண்டும். இரண்டாவது மானி நல்ல அளவு காட்டினாலன்றி முதலாவதன் சொல்லைத் தள்ளலாகாது.

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்கவேண்டும் என்பது வள்ளுவர் அரசர்க்கு வகுத்த நெறி. பழைய காரின் முன்பலகைக்கும் அது பொருந்தும். எச்சான்றையும் ஆராயாது நம்புதல் பேதைமை. ஆராயாது தள்ளுதல் அதனினும் பெரும் பேதைமை. ஆராய்ந்து முடியும் வரை, தீங்கு உண்டென்று சொல்லும் முள்ளையே மெய்யெனக் கொண்டு வண்டியை நிறுத்துபவர், அவ்வண்டியை இன்னும் பல்லாண்டு ஓட்டுவார்.