பழைய படியும் புதிய திருத்தமும்



இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966ஆம் ஆண்டில் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழகக் கோயிற் சுவர்களினின்றும் எடுத்த மைப்படிகள் பல்லாயிரம் இந்நகரில் நெடுங்காலம் பேணப்பட்டன. ஈரத் தாளைக் கல்லின்மீது ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பதே மைப்படி. பின்னாளில் கல் சிதைந்தாலும், படியெடுத்த அன்று இருந்த எழுத்தையே அது காட்டும். கல்வெட்டுக்கு இக்குணம் ஒரு வரம். நாள்தோறும் திருத்தப்படும் கணக்கேட்டுக்கோ இதுவே பெருங்கேடு.

மைசூரிலும் பிற மாநில நகரங்களிலும் கணிப்பொறித் தொழிலில் நம்மவர் பலர் இருக்கின்றனர். ஓர் அலுவலகத்தில் இருவர் ஒரே கோப்பைக் கையாளுவதாகக் கொள்வோம். ஒருவர், "திருத்திவிட்டேன்" என்கிறார். மற்றவர் திரையில் பழைய எண்ணே நிற்கிறது. இருவரும் உண்மையே பேசுகின்றனர். ஆயினும் ஐயமும் பூசலும் பிறக்கின்றன. பழைய எண்ணை நம்பி இரண்டாமவர் எழுதிவிட்டால், முதலாமவர் உழைப்பு அழிந்தே போகும்.

காரணம் என்ன? 1984ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறையில், கோப்பு தலைமைக் கணிப்பொறியாகிய சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கே சென்று கேட்டால் வேலை தாமதமாகும். ஆகவே நம் கணிப்பொறி ஒரு படியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இதனைக் கேஷ் என்பர். லினக்ஸில், வேறு ஏற்பாடு செய்யாதவரை, கோப்பின் விவரங்களை 3 முதல் 60 விநாடிகள் வரையிலும், கோப்புறையின் விவரங்களை 30 முதல் 60 விநாடிகள் வரையிலும் அது நம்பியிருக்கும். எழுதியவர் கோப்பை மூடும்போது திருத்தம் சர்வரைச் சேரும். படிப்பவர் புதிதாகத் திறக்கும்போது, மாற்றம் உண்டா என்று கேட்கப்படும். இவ்வுடன்பாடு பிசகும் இடத்திலேதான் பழைய படி தலைகாட்டுகிறது.

பிணியறிந்து மருந்து கொடுக்க வேண்டும். முதலில் சர்வரிலேயே கோப்பைப் பாருங்கள். அங்கும் பழையதே இருந்தால், எழுதியவர் இன்னும் மூடவில்லை போலும்; படிப்பவர் பொறியைக் குறை கூறுவதில் பயனில்லை. சர்வரில் புதியது இருந்தால், படிப்பவர் கோப்பை மூடி மீண்டும் திறக்கட்டும். நாள் முழுதும் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும் நிரல்களில் இக்குறை மிகுதி.

புதிய கோப்பின் பெயரே தென்படாவிட்டால், முன்பு கிடைத்த "இல்லை" என்ற விடையைக் கணிப்பொறி நினைவில் வைத்திருக்கக்கூடும். சற்றுப் பொறுத்தால் தெளியும். அவசரமாயின், அவ்விடையை நம்பாதவாறு லுக்அப்கேஷ் என்னும் ஏற்பாட்டை மாற்றலாம். "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்ற அறிவிப்பு வந்தாலோ, அது வேறு நோய். நாம் பிடித்திருந்த கோப்பு சர்வரில் நீக்கப்பட்டுவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பெயரைச் சொல்லி மீண்டும் திறந்து பார்க்க வேண்டும்.

நோஏசி என்னும் ஏற்பாட்டால் விவரங்களை நினைவில் வைப்பதையே நிறுத்திவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சர்வரை நாட நேர்வதால் வேலை மந்தமாகும். பலர் எழுதும் கோப்புக்குப் பூட்டு முறையே தக்கது. பூட்டைப் பெறும்போது பழைய படி மறுபடியும் சரிபார்க்கப்படும். எடுத்ததற்கெல்லாம் பொறியை அணைத்து ஏற்றுவது மருந்தன்று. குறை மறையும், காரணமும் உடன் மறைந்துபோகும்.

ஆதலின், உடன் பணியாற்றுபவரை ஐயுறுமுன், நம் கண்முன் இருப்பது எப்போது எடுத்த படி என்று கேட்போம். ஊரை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆன நமக்கு, ஊரைப் பற்றிப் பேசும்போதும் அக்கேள்வி உதவும்.