முணுமுணுப்பு மாடமும் ஒரு துளி இரத்தமும்



நெஞ்சு வலியென்று ஒருவர் மருத்துவமனைக்கு வருகின்றார். அது மாரடைப்பா, அன்றி வேறு உபாதையா என்பதை மருத்துவர் விரைந்து துணிய வேண்டும். இதயத் தசை சிதைவுறும்பொழுது டிரோப்போனின் என்னும் புரதம் அதனின்றும் கசிந்து இரத்தத்திற் கலக்கின்றது. அதனைக் கண்டுகொண்டால் ஐயம் பெரிதும் அகலும். ஆனால் தொடக்கத்தில் அதன் அளவு மிகச் சொற்பம். இரத்தத்தின் தெளிந்த நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 70 கிராம் புரதங்கள் உள்ளன. நாம் தேடுவதோ, ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் பத்துக் கூறு! அதாவது, 700 கோடியில் ஒரு பங்கு.

இன்று மருத்துவமனைகளில், ஒளிவிடும் அடையாளப் பொருளொன்றை இணைத்தே இப்புரதத்தைப் பெரும்பாலும் அளக்கின்றனர். அடையாளம் எதுவுமின்றி, புரதம் வந்து ஒட்டும் கணத்திலேயே ஒளியைக் கொண்டு அதனை அறிய இயலுமா? இயலும் என்பதை விளக்க, உங்களை முதலில் ஒரு மாடத்திற்கு அழைத்துச் செல்கின்றேன்.

லண்டன் நகரின் தூய பவுல் பேராலயக் குவிமாடத்தினுள்ளே வட்டமான நடைமாடம் ஒன்றுண்டு. சுவரருகே ஒருவர் முணுமுணுத்தால், முப்பது மீட்டருக்கும் அப்பால் எதிர்ப்புறத்தில் நிற்பவர் செவியில் அது தெளிவாக விழும். ஒலி, வளைந்த சுவரைப் பற்றியவாறே தவழ்ந்து செல்கின்றது என்று ராலே பிரபு விளக்கினார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-ஆம் ஆண்டில் அம்மாடத்தையே நேரில் ஆராய்ந்தார். பின்னர் பிஜப்பூர் கோல் கும்பஸ் முதலிய நம் நாட்டு மாடங்களையும் ஆராய்ந்து 1922-இல் எழுதினார்.

ஒலி தவழும் மாடத்தைப் போல, ஒளி தவழும் மாடமும் உண்டு. மெல்லிய கண்ணாடி இழையின் நுனியை உருக்கினால், பரப்பு இழுவிசையால் அது சிறு மணியாகத் திரளும். அதனுட் புகுந்த ஒளி, முழு அக எதிரொளிப்பினால் வெளியேறாது விளிம்பையொட்டிப் பல்லாயிரம் முறை சுற்றுகின்றது. கும்மியடிப்போர் வட்டத்தைச் சுற்றி முடிக்கையில், தொடங்கிய அடியோடு தாளம் பொருந்த வேண்டுமன்றோ? அங்ஙனமே, சுற்றளவில் முழு எண்ணாக அடங்கும் அலைநீளங்களே அங்கு வலுப்பெறும்.

இவ்வொளியின் ஒரு சிறு பகுதி மணியின் மேற்பரப்பைத் தாண்டியும் சற்றே கசிகின்றது. அங்கிருந்த நீரை விலக்கிப் புரதம் ஒன்று ஒட்டிக்கொண்டால், ஒளிக்கு வட்டப்பாதை இம்மியளவு நீண்டது போலாகும். ஒரு சுற்றில் தோன்றும் மாற்றம் அற்பமே. பல்லாயிரம் சுற்றுகளிற் சேரும்போது அது அளக்கத்தக்கதாகிறது. பொருந்தும் அலைநீளம் சிறிது நகர்ந்து, புரதத்தின் வரவை அறிவிக்கின்றது. 2002-ஆம் ஆண்டில் வால்மர், ஆர்னால்ட் முதலியோர் இம்முறையிற் புரதங்களைக் கண்டறிந்து காட்டினர்.

எந்தப் புரதம் ஒட்டியது என்பதை ஒளி அறியாது. ஆதலின், குறித்த புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை மணியின் மேற் பூசுகின்றனர். ஆயினும் எண்ணிறந்த ஏனைய புரதங்களும் ஆங்காங்கே ஒட்டவே செய்யும். வெப்பநிலை சிறிது மாறினாலும் அலைநீளம் நகரும். எனவே, எதிர்ப்பொருள் பூசாத மற்றொரு மணியையும் உடன் வைத்து, இரண்டின் வேறுபாட்டையே கொள்கின்றனர்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒளி எத்துணைக் கூர்மையாயினும், அரிய மூலக்கூறு மணியை வந்தடைந்தாலன்றோ அது காணும்? நீரில் தானே அலைந்து அது வந்து சேர நெடுநேரம் ஆகலாம். நோயாளிக்கோ அத்தனை நேரமில்லை. ஆகவே, காணும் திறனை வளர்ப்பது பாதிப் பணியே; காணவேண்டியதைக் கண்ணெதிரே கொணர்வது மறுபாதி என்பேன்.

இத்தகைய மணிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளன. எஞ்சிய பணிக்கு ஒளியியல் மட்டும் போதாது. நீரோட்டத்தின் இயல்பும் புரதங்களின் வேதியியலும் அறிந்தோர் வேண்டும். உங்களில் சிலர் அப்பணியை மேற்கொள்வீர்களாக!