பியானோவின் வெள்ளைக் கட்டைகள்

ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்துவரும் பியானோவின் மூடியைத் திறந்தால், முதலிற் கண்ணிற்படுவது அதன் கட்டைகளின் கோலமே. சில மஞ்சள் பூத்திருக்கும். சில விரல் பட்டுப் பட்டுக் குழிந்திருக்கும். ஒன்றிரண்டு மேற்றகடு கழன்று, பல் விழுந்த வாய் போல வெறும் மரத்தைக் காட்டும். எல்லாவற்றையும் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதியன ஒட்டுவிக்கலாம் என்பதே வீட்டாரின் முதல் எண்ணம். அதற்குமுன் சற்றுப் பொறுத்து, அங்கே ஒட்டியிருப்பது எப்பொருள் என்று அறிந்துகொள்ளுதல் நன்று. பெயர்த்தபின் மீளப் பெற இயலாத பொருளும் அவற்றுள் உண்டு.

இக்காலப் பியானோவில் உள்ள கட்டைகள் 88. வெள்ளை 52, கறுப்பு 36. வெள்ளைக் கட்டை எனப்படுவது உண்மையில் இலேசான மரச்சட்டமே. வெண்மை முழுவதும் அதன்மேல் ஒட்டிய மெல்லிய தகட்டினுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயர்ந்த பியானோக்களுக்கு அத்தகட்டை யானைத் தந்தத்தில் அறுத்தெடுத்தனர். 1870ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோன்றிய செலுலோயிட் என்னும் செயற்கைப் பொருள் மலிவான பியானோக்களில் இடம்பெற்றது. அதன்பின் வந்த பிளாஸ்டிக் வகைகள் இன்று ஏறக்குறைய எல்லாப் பியானோக்களிலும் உள்ளன.

தந்தத்தை இனங்காண்பது கடினமன்று. தந்தத் தகடு பெரும்பாலும் இரு துண்டுகளாலானது. விரல் படும் அகன்ற முன்துண்டு ஒன்று. கறுப்புக் கட்டைகளுக்கிடையே ஒடுங்கிச் செல்லும் பின்துண்டு மற்றொன்று. இரண்டும் சந்திக்குமிடத்தில் மயிரிழை போன்ற கோடு குறுக்கே ஓடும். சாய்வான வெளிச்சத்திற் பார்த்தால் தந்தத்தின் இயற்கை வரிகள் தெரியும்; அவை கட்டைக்குக் கட்டை வேறுபடும். செலுலோயிட் தந்தம்போல் நடிக்குமிடத்து, வரிகள் அளவுகோல் வைத்துக் கீறியவைபோல் நேராகவும் சமமாகவும் இருக்கும். காய்ச்சிய ஊசியாற் சுட்டுப் பார்ப்போரும் உளர். தந்தமாயின் அது வடுப்படும். செலுலோயிட்டாயின் குப்பென்று தீப்பற்றும். இச்சோதனையைக் கைவிடுதலே தக்கது.

இத்தகடுகள் வந்த வழி நெடியது. கிழக்கு ஆபிரிக்காவின் உள்நாட்டிற் கொல்லப்பட்ட யானைகளின் தந்தங்கள் மனிதர் தோள்களிலேறிக் கரை சேர்ந்தன. சுமந்தோருட் பலர் அடிமைகள். சன்சிபார்த் தீவிலிருந்து அவை கப்பலேறி அமெரிக்காவின் கனெக்டிக்கட் மாநிலத்தை அடைந்தன. தந்தத்தின் பெயரையே தாங்கிய ஐவரிற்றன் என்னும் ஊரும், அதனருகேயுள்ள டீப் ரிவர் என்னும் ஊரும் தந்தம் அறுப்பதையே பெருந்தொழிலாகக் கொண்டிருந்தன. அறுத்த தகடுகளைக் கண்ணாடிக் கூடங்களில் வெயிலிற் பரப்பி வெளுக்கவைத்தனர். மாலை வேளையில் வரவேற்பறையில் இனிய இசை கேட்ட குடும்பங்கள் இவ்வழியை எண்ணியிருக்குமோ என்பது ஐயமே.

1989ஆம் ஆண்டில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் அனைத்துலக வணிகம் பற்றிய உடன்படிக்கையின் நாடுகள் கூடி, ஆபிரிக்க யானைத் தந்தத்தின் வணிகத்தைத் தடுக்கத் தீர்மானித்தன. 1990இல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. கொழும்புத் துறைமுகத்திற் கைப்பற்றப்பட்ட ஒன்றரைத் தொன் ஆபிரிக்கத் தந்தம் 2016 சனவரியிற் காலிமுகத்திடலில் யாவரும் காண நொறுக்கப்பட்டது. ஆகவே, கழன்றுபோன ஒரு தகட்டுக்காகப் புதுத் தந்தம் தேடுவது தகாத செயல். தந்தக் கட்டையுள்ள பியானோவை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வோரும் முன்னரே உரிய அனுமதியைப் பெறவேண்டும். இல்லையேற் சுங்கத்தில் இடர்ப்படுவர்.

கழன்ற தகடு கையிலிருப்பின், அதனையே மீள ஒட்டுவதே முறை. தந்தம் ஒளி ஊடுருவும் தன்மையது. அடியிலுள்ள மரத்தின் நிறமும் பசையின் நிறமும் மேலே தோன்றிவிடும். இதனாற் பழைய தொழிலாளர் தகட்டுக்கும் மரத்துக்குமிடையே மெல்லிய வெண்துணியை வைத்து, சூடான வச்சிரப் பசையால் ஒட்டினர். ஈரம் பட்டால் தந்தம் சுருளும். பசை இறுகும்வரை அதனை அழுத்திப் பிடித்திருத்தல் வேண்டும். வச்சிரம் ஈரப்பதத்தால் இளகுவது. கடற்கரை ஊர்களில் தகடுகள் அடிக்கடி கழல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு மூன்று தகடுகள் தொலைந்திருந்தால், பயன்படாது போன பழைய பியானோவொன்றின் தகடுகளிலிருந்து அகலமும் வரியும் ஒத்தவற்றைத் தொழிலாளர் பொறுக்கியெடுப்பர்.

பாதிக்கு மேல் உடைந்தும் தொலைந்தும் போயிருப்பின், முழுவதையும் பிளாஸ்டிக்கிற்கு மாற்றுவதே நேர்மையான வழி. பழைய தகட்டைப் பெயர்க்க, ஈரத்துணி விரித்து இஸ்திரிக்கைப் பெட்டியின் சூட்டைச் சிறிது காட்டி, மெல்லிய கத்தியை நுழைப்பர். ஈரம் மிகுந்தால் மரம் ஊதும். செலுலோயிட்டுக்கோ சூடு அறவே ஆகாது. அவசரக்காரர் தவறுவது இதற்கடுத்த படியிலேயே. தந்தத் தகட்டின் கனம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். பிளாஸ்டிக் தகடு அதனினும் ஏறத்தாழ இருமடங்கு. அந்த வேறுபாட்டளவுக்கு மரத்தைச் சீராகச் சீவிக் குறைக்காமல் ஒட்டினால், வெள்ளைக் கட்டைகள் உயர்ந்து, கறுப்புக் கட்டைகள் தாழ்ந்து நிற்கும். வாசிப்போரின் விரல் பழகிய இடத்திற் பழகிய உயரத்தைக் காணாது தடுமாறும். பார்வைக்குப் புதிதாகி, கைக்குக் கெட்டுப்போன பியானோக்கள் இவ்வாறே உண்டாகின்றன. கையால் தேய்த்தால் மரம் ஓரங்களில் உருண்டுவிடும். இதற்கெனப் பொறி வைத்திருப்போரிடம் கொடுப்பதே மேல்.

ஒவ்வொரு கட்டையின் மரத்திலும் இலக்கம் பொறித்திருக்கும். வேலை முடிந்து திரும்பும்போது அவை அதே ஒழுங்கில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். கறுப்புக் கட்டைகளைப் பெரும்பாலும் தொடவேண்டியதில்லை. பழைய பியானோக்களில் அவை கருங்காலி. இலங்கைக் காடுகளின் கருங்காலிக்கு இத்தொழிலில் நெடுநாட் பெயருண்டு. நூறாண்டு வாசித்தாலும் அது எளிதிற் குழியாது.

மஞ்சள் பூத்த தந்தம் பழுதுபட்டதன்று. அதனை அரத்தாளால் உரைத்து வெளுப்பிக்க முனைந்தால், தகடுதான் தேயும். வெளிச்சம் படாத தந்தமே விரைவில் மஞ்சளாகும். ஆதலாற் பகலில் மூடியைத் திறந்துவைத்தல் நல்லது. எல்லாவற்றையும் மாற்றியவர்களும் பெயர்த்த தகடுகளைக் குப்பையில் இடாது, அவற்றின் இலக்கத்தைக் குறித்துக் கடித உறையில் வைத்திருக்கலாம். ஊரில் வேறொரு பியானோவுக்கு அவற்றுள் ஒன்று ஒரு நாள் பொருந்தக்கூடும்.