ஒரு விசை, இரு தொழில்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகச் செல்லும் பாதை குறிகட்டுவான் துறையில் முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. நயினாதீவில் அம்மனைத் தரிசித்தவர் நெடுந்தீவுக்கும் செல்ல விரும்பின், மீண்டும் துறைக்கு வந்து அடுத்த படகில் ஏறுவதே நேரிய வழி. கணினியில் எழுதும் பழைய கருவியொன்றின் இயல்பும் இத்தகையதே.

படங்களின்றி எழுத்துகளை மட்டும் காட்டும் திரைக்கு முனையம் என்று பெயர். அதில் எழுதவும் திருத்தவும் பயன்படும் கருவிகளுள் ‘வீ-ஐ’ என்பது புகழ் வாய்ந்தது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்கிலி நகரில், கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த பில் ஜோய் அதனை உருவாக்கினார். அவர் கையாண்ட ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின் மீதே அவை பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே ஒரே விசை எழுத்தையும் தரவேண்டும், ஏவலையும் செய்யவேண்டும்.

இதற்காக அமைந்தவையே நிலைகள். கட்டளை நிலையில் அந்நான்கு விசைகளும் சுட்டியை இடம், கீழ், மேல், வலம் என நகர்த்தும். டி விசையை இருமுறை தட்டினால் ஒரு வரி நீங்கும். அதற்குமுன் 3 என்று தட்டினால் மூன்று வரிகள் நீங்கும். யூ விசை நீங்கியதை மீட்டுத்தரும். ஐ விசையைத் தட்டியதும் எழுது நிலை பிறக்கும். பின்னர் தட்டுவன யாவும் எழுத்துகளாகும். எந்நிலையில் இருப்பினும் கட்டளை நிலைக்கு மீட்டுக்கொணர்வது எஸ்கேப் விசை. அதுவே இக்கருவியின் குறிகட்டுவான்.

ஒரு விசைக்குப் பல தொழில் தருவது தமிழருக்குப் புதிதன்று. 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்த முத்தையா, 247 எழுத்துகளைச் சில விசைகளுள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தார். அதில் நகரா விசைகள் உண்டு. அவற்றைத் தட்டினால் குறி பதியும், தாள் நகராது, அடுத்த எழுத்து அக்குறியோடு சேர்ந்து விழும்.

ஆயினும் வீ-ஐ கருவியில் தமிழ் எழுதுவோர்க்கு ஓர் இடர் உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் என்பன முறையே க, ப, ம, த ஆகும். தமிழில் எழுதியவர் எஸ்கேப் விசையைத் தட்டிய பின், விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து ஜே விசையைத் தட்டினால், கருவிக்குச் செல்வது ‘ப’ என்னும் எழுத்து. அப்படியொரு கட்டளையை அது அறியாது, சுட்டி அசையாது. சலிப்புற்ற மாணவர் கணினிக்குத் தமிழ் ஒவ்வாதென்று எண்ணி ஆங்கிலத்துக்கே மாறிவிடுவதும் உண்டு.

குறை மொழியினது அன்று. மொழியை மாற்றும் விசை அமைந்த இடத்தினது. வீ-ஐயின் வழித்தோன்றலாக, நெதர்லாந்தினரான பிராம் மூலெனார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விம்’ கருவி இதற்கு வழி வகுத்துள்ளது. அதனுள்ளேயே ஒரு மொழியின் விசையமைப்பைச் சேர்க்கலாம். கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்க, எழுது நிலையில் மட்டும் தமிழ் வரும். எஸ்கேப் தட்டியதும் விசைகள் ஏவலுக்குத் திரும்பும். மீண்டும் எழுதப் புகும்போது தமிழும் உடன் திரும்பும். வேண்டிய அமைப்பு இல்லையெனில், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு கோப்பில் வரிசையாக எழுதிச் சேர்த்தால் போதும்.

ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ கணினி பயிலும் மாணவர் ஒருவர் ஓய்வான ஒரு மாலையில் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது. அதைச் செய்தவருக்கு, கணினியை ஆளுவதற்காகத் தமிழைக் கைவிடவேண்டிய தேவை இராது.