பெயரடை கேட்கும் உருபு



ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய இந்தக் கருத்தரங்கில், சில எழுத்துகளே கொண்ட சின்னஞ்சிறு சொற்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அன்றாட ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பின்னால் வந்து நிற்கும் அட், இன், ஆஃப், டு, வித் முதலிய முன்னிடைச்சொற்கள் அவை. காலம், எண், இடம் எல்லாவற்றையும் சரியாகக் கையாளும் முதுகலை மாணவர்கூட இந்த ஒரு இடத்தில் தடுமாறுகிறார். நாம் அதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறோம். அது கவனக்குறைவு அன்று.

ஒரு விடைத்தாளை எடுத்துக்கொள்வோம். 'ஐ ஆம் ஆங்ரி ஆன் ஹிம்' என்று மாணவி எழுதியிருக்கிறாள். 'ஆன்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'வித்' என்று எழுதி, அரை மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். அவள் மனத்தில் ஓடிய வாக்கியம் 'எனக்கு அவன்மேல் கோபம்' என்பது. மேல் என்றால் ஆன். அவள் கணக்கில் தவறே இல்லை. 'கணக்கில் கெட்டிக்காரன்' என்ற நினைப்பு 'குட் இன் மேத்ஸ்' ஆகிறது. 'அவரோடு கல்யாணம்' என்பது 'மேரீட் வித்' ஆகிறது. 'என்னைவிட சீனியர்' என்பது 'சீனியர் தேன் மீ' ஆகிறது. ஒவ்வொரு பிழைக்கும் அடியில் ஒரு நல்ல தமிழ் வாக்கியம் இருக்கிறது.

சில சமயம் இதே வழி சரியான இடத்துக்கும் கொண்டுபோய் விடுகிறது. இசையில் ஆர்வம் என்றால் 'இன்ட்ரஸ்டட் இன்', பட்டுக்குப் பேர்போன ஊர் என்றால் 'ஃபேமஸ் ஃபார்', அதிலிருந்து வேறுபட்டது என்றால் 'டிஃபரன்ட் ஃப்ரம்'. மூன்று முறை கைகொடுத்த வழியை நான்காம் முறை மாணவர் எப்படிச் சந்தேகிப்பார்?

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன். முன்னிடைச்சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்பதால் அது பெயரைச் சேர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். கணக்கு என்ற ஒரே பெயரை வைத்துப் பாருங்கள்: 'குட் அட் மேத்ஸ்', 'இன்ட்ரஸ்டட் இன் மேத்ஸ்', 'டயர்ட் ஆஃப் மேத்ஸ்', 'ஃபெமிலியர் வித் மேத்ஸ்'. பெயர் மாறவில்லை, பெயரடை மாற மாற முன்னிடைச்சொல் மாறுகிறது. கேள்வி வாக்கியத்தில் இது இன்னும் தெளிவு. 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?' என்னும்போது, எதற்குப் பயம் என்று கேட்கும் சொல் வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுகிறது. 'ஆஃப்' அதன் பின்னால் போவதில்லை, 'அஃப்ரெய்ட்' பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. வாக்கியத்தை இப்படி முன்னிடைச்சொல்லில் முடிப்பது குற்றம் என்று 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தைக் குறை கூறினார். 350 ஆண்டுகள் கழிந்தும் பேச்சு ஆங்கிலம் அதற்கு இணங்கவில்லை.

தமிழில் உருபைப் பெயரோடு ஒட்டி எழுதுகிறோம். ஆகவே நம் கண் பெயரின் பக்கமே போகிறது. ஆனால் உருபை நிர்ணயிப்பது அந்தப் பெயரைக் கொண்டு முடியும் சொல் என்பது நம் இலக்கண மரபுக்குப் புதிதல்ல. தொல்காப்பியர் வேற்றுமையியலில், எந்தெந்தப் பொருள் எந்த வேற்றுமைக்கு உரியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அடுத்து வரும் வேற்றுமை மயங்கியலில், அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரும், இரண்டாம் வேற்றுமையும் வரும், பொருள் குறைவதில்லை என்கிறார். புலியின் அஞ்சினான், புலியை அஞ்சினான், இரண்டும் சரி. இன்றைய பேச்சில் அந்த இடத்துக்கு நான்காம் வேற்றுமை வந்து 'பாம்புக்குப் பயப்படுகிறான்' என்கிறோம். ஆங்கிலத்தில் அதே இடத்தில் நிற்கும் 'ஆஃப்', பழைய ஆங்கிலத்தில் 'விலகி', 'அகன்று' என்ற பொருளுடைய சொல். ஐந்தாம் வேற்றுமைக்குரிய நீக்கப் பொருளோடு அச்சத்தைச் சேர்த்துப் பார்ப்பது இரு மொழிக்கும் நேர்ந்திருக்கிறது. அச்சக் கிளவி பற்றிய அந்த நூற்பாவை நம் ஆங்கில வகுப்பறையில் ஒருமுறையாவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரே பெயரடை பல முன்னிடைச்சொற்களை ஏற்கும் இடம் இன்னும் வளமானது. 'குட் அட்' என்றால் திறமை. 'குட் ஃபார்' என்றால் உடம்புக்கோ தொழிலுக்கோ நல்லது. 'ஷீ வாஸ் குட் டு மீ' என்றால் என்னிடம் பரிவோடு நடந்துகொண்டார். 'குட் வித் சில்ட்ரன்' என்றால் குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர். அழுகிற பிள்ளையைக் கையில் வாங்கினால் அழுகை நிற்குமே, அப்படிப்பட்டவர். 'டயர்ட் ஃப்ரம்' உடல் அசதி; 'டயர்ட் ஆஃப்' சலிப்பு. 'திஸ் ஃபேஸ் இஸ் ஃபெமிலியர் டு மீ' என்பதில் முகம் எனக்குப் பழக்கம். 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் திஸ்' என்பதில் பழகியவன் நான். முன்னிடைச்சொல் மாறியதும் வாக்கியம் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. இதை ஒட்டுச்சொல் என்று ஒதுக்குவது எப்படி நியாயம்?

மரபே மாறிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. 'டிஃபரன்ட் ஃப்ரம்' எங்கும் செல்லும். பிரிட்டனில் 'டு' கேட்கலாம், அமெரிக்காவில் 'தேன்' கேட்கலாம். 'டு' கூடாது என்பது மூடநம்பிக்கை என்று ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர் 1926-லேயே எழுதிவிட்டார். 'போர்ட் வித்' என்று மூத்தவர்கள் சொல்லும் இடத்தில் இளைஞர்கள் 'போர்ட் ஆஃப்' என்கிறார்கள். இவற்றுக்கு மதிப்பெண் குறைப்பதை நான் ஏற்கவில்லை. 'ஃப்ரம்' கற்றுக்கொடுப்போம்; 'டு' எழுதியவரைத் தண்டிக்க வேண்டாம்.

இந்தச் சேர்க்கைகளைத் தேடித் தொகுக்கும் தேவை, ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றவர்களால்தான் வலுப்பெற்றது. ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தோழர் இருவரோடு உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி அதிலிருந்து பிறந்தது. பென்சன் தம்பதியரும் இல்சனும் 1986-இல் சொற்சேர்க்கைக்கென்றே தனி அகராதி தந்தார்கள். பர்மிங்காமின் கோபில்ட் அகராதிக் குழு 1998-இல் பெயரடைகளை முன்னிடைச்சொல் வாரியாகவும் பொருள் வாரியாகவும் அடுக்கிக் காட்டியது. அந்த அடுக்கைப் பார்த்தால் மனப்பாடச் சுமை பாதி குறையும். திறமை சொல்லும் குட், பேட், பிரில்லியன்ட், ஹோப்லெஸ் எல்லாம் 'அட்' கேட்கின்றன. அச்சம் சொல்லும் அஃப்ரெய்ட், ஸ்கேர்ட், டெரிஃபைட் எல்லாம் 'ஆஃப்' கேட்கின்றன. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் ஒப்பீட்டுப் பொருளோடே இலத்தீனிலிருந்து வந்தவை. நான்கும் 'டு' கேட்கின்றன.

நம் வினாத்தாள்களில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று முன்னிடைச்சொல்லை மட்டும் பிய்த்து எடுத்துவிடுகிறோம். சேர்ந்தே காதில் விழ வேண்டிய இரண்டு சொற்களை முதலில் பிரித்துக் காட்டுவது அந்தப் பயிற்சிதான். 'குட் அட்' என்பதை ஒரே சொல்லாக வாயால் சொல்லவைத்து, கூடவே 'சிங்கிங்', 'குக்கிங்' என்று தொழிற்பெயரையும் சேர்த்துப் பழக்கினால், 'கெட்டிங் அப்' வரவேண்டிய இடத்தில் எழுதப்படும் 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட் அப் எர்லி' என்ற பிழையும் சேர்ந்து குறையும்.

இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் மாணவர் எழுதிய பிழை வாக்கியத்தையும், அதை எழுதும்போது அவர் நினைத்த தமிழ் வாக்கியத்தையும் அவரிடமே கேட்டு, அருகருகே எழுதித் தாருங்கள். அப்படி ஒரு தொகுப்பு உருவானால், தமிழர்க்கென்றே பெயரடைக் கையேடு ஒன்றை நம்மால் எழுத முடியும். அந்தத் தொகுப்பின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை முதல் அமர்விலேயே விவாதிக்குமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.