பழைய மின்மாற்றிக்குப் புதிய பணி



மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் வழியில் மாட்டுப்பட்டி அணை உள்ளது. அங்குத் தேங்கும் நீர், 1940-இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையத்திற்கு உதவுகிறது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, அம்மலைப்பகுதியிலுள்ள பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் மாண்டன. மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே எட்டிற்று.

இத்தகைய வேளைகளில் கைகொடுக்க வல்லது அமெச்சூர் வானொலி. மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர், தம் கருவியைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். பெரும்பொருள் வேண்டுமே என்று அஞ்ச வேண்டா. தில்லி லஜபதிராய் மார்க்கெட்டிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் பழைய மின்மாற்றிகளைத் தேடிப் பாருங்கள்.

வால்வுக் கருவிக்குச் சீரான நேர்மின்னோட்டம் வேண்டும். நம் 50 சைக்கிள் மின்சாரத்தை முழுமையாகத் திருத்தினாலும், 100 சைக்கிள் அதிர்வு எஞ்சி நின்று இரைச்சலாகக் கேட்கும். இரும்பின்மேல் சுற்றிய செப்புச்சுருள் அதனைத் தடுக்கும். குழல்விளக்கில் 'சோக்' என வழங்குவது இதன் இனமே. 10 ஹென்றிச் சுருள் அவ்வதிர்வுக்கு 6,000 ஓமுக்கு மேல் தடை காட்டும். நேர்மின்னோட்டத்திற்கோ கம்பியின் தடை மட்டுமே.

மின்மாற்றியின் ஒரு சுற்றினையே இவ்வாறு பயன்படுத்தலாம். ஆனால் ஓர் இடர் உண்டு. நேர்மின்னோட்டம் பாய்ந்தால் இரும்பு காந்தத்தால் நிறைவுற்றுச் சுருளின் ஆற்றல் குன்றிவிடும். ஆகவே, மாறிமாறிச் செருகிய இரும்புத் தகடுகளைக் கழற்றி, 'E' வடிவத் தகடுகளை ஒருபுறமும் 'I' வடிவத் தகடுகளை மறுபுறமும் அடுக்கி, இடையே தடித்த தாள் வைத்து இறுக்க வேண்டும். தாளின் இடைவெளி இரும்பு நிறைவுறாமல் காக்கும். தூண்டல் சற்றுக் குறையினும் நிலைத்து நிற்கும்.

பயன்படாத சுற்றின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்தலாகாது. இணைத்தால் தூண்டல் அழியும். அவற்றில் உயர்ந்த மின்னழுத்தம் எழக்கூடும், தனித்தனியே காப்பிடுக. இரும்பை நிலத்தோடு இணைத்து, சுற்றுக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள காப்பு அவ்வழுத்தத்தைத் தாங்குமா எனச் சோதித்தறிக. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் உயிர்கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கும். அதனை வடித்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

பேரிடர் நாளில் மலைமேல் இயங்குவது மின்கலக் கருவியே. அதற்கு இச்சுருள் வேண்டியதில்லை. எனினும், தகட்டைக் கழற்றி அடுக்கிப் பழகிய கை, பழுதுற்ற கருவியையும் செப்பனிட அறியும். கடை இல்லாத இடத்தில், சாலை அறுந்த நாளில், அவ்வறிவே துணை. எங்கிருந்தாலும் அதனைக் கற்று வைப்போமாக.